கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் எதை முதலில் படிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு, தினமும் வீட்டிலிருந்து போய் வருகிறான். படிக்கவும் கேம் ஆடவும் ஒரு கணினி வேண்டும், மானிட்டரோடு சேர்த்து 90,000 ரூபாய்க்குள். ஊரில் ஒரு கடையில் கேட்டபோது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: "ஐ7 பிராசசர், நியூ போர்டு, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேமிங் கேபினட், 22 இன்ச் மானிட்டர், மொத்தம் 68,000." தம்பியோ இது வேண்டவே வேண்டாம், பாகம் பாகமாக வாங்கி நானே மாட்டிக்கொள்கிறேன் என்கிறான். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "ஏதாவது எரிந்துபோனால் யாரைக் கேட்பது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். எந்த பாகம் வேகமானது என்பதைவிட, இவ்வளவு பணத்தை யாரை நம்பிக் கொடுப்பது என்பதில்தான் உங்களுக்குத் தயக்கம்.

தம்பி சொல்வது சரி. அவனே மாட்டலாம், அது பயப்படுகிற வேலை இல்லை. ஆனால் மாட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். நான் அசெம்பிளி, சர்வீஸ் வேலையில் பல வருடமாக இருப்பவன். அந்தப் பழக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். கேம் ஆடுகிற ஆள் இல்லை. எந்த கேமில் எந்த செட்டிங் வைத்தால் நன்றாக இருக்கும் என்பதைத் தம்பியிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதலில் அந்தச் சீட்டு. இப்படி ஒரு கொட்டேஷன் கைக்கு வந்தால் மாடல் எண் இல்லாத வரிகளைத்தான் முதலில் படிப்பேன். உங்கள் சீட்டில் ஒரு வரியில்கூட மாடல் எண் இல்லை. "ஐ7" என்பது 2008ஆம் ஆண்டு முதல் வந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் எந்த வருடத்துப் பிள்ளை என்று சொல்லாமல் விற்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும். என் அனுபவத்தில் இப்படி எழுதும் இடங்களில் பெரும்பாலும் வருவது ஐ7-3770. அது 2012இல் வந்த பிராசசர். அலுவலகங்களில் கழித்துப் போட்ட கணினிகளிலிருந்து கழற்றியது. அதோடு வரும் "நியூ போர்டு" பொய் இல்லை, போர்டு நிஜமாகவே புதிதுதான். பழைய எச்61 வகையை யாரோ பெயர் தெரியாத கம்பெனி இன்றைக்கும் செய்து விற்கிறது. புதுப் போர்டு, பழைய பிராசசர், உள்ளே பழைய தலைமுறை டிடிஆர்3 ராம். இன்றைய சாதாரண ஐ5-12400எஃப் அதை எளிதாகத் தாண்டிவிடும், அதுவே 2022இல் வந்ததுதான். இன்னொரு சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தையவற்றையும்தான் முறைப்படி ஏற்கிறது. 3770 என்பது 3ஆம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம், கடைக்காரரும் ஏற்றித் தருவார். ஆனால் வேலரன்ட் மாதிரியான கேம்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்ற வரி இதைவிட மோசம். ஜிபி என்பது அந்தக் கார்டில் எவ்வளவு நினைவகம் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது, கார்டின் பலத்தைச் சொல்வதில்லை. ஜிடி 730 என்று ஒரு கார்டு 2014இல் வந்தது. அதிலும் 4 ஜிபி வகை உண்டு, இன்றும் பெட்டியில் புதிதாகவே கிடைக்கிறது. மானிட்டரில் படம் வரும், இரண்டு மானிட்டர் வைத்துக் கணக்கு வேலை பார்க்கலாம், கேமுக்கு ஆகாது. உங்கள் சீட்டில் உள்ளது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நல்ல கார்டாகவும் இருக்கலாம். கடைக்காரரிடம் போய், ஒவ்வொரு வரிக்கும் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். தயங்காமல் எழுதிக் கொடுத்தால் அவரோடு மேலே பேசலாம். "அதெல்லாம் பிராண்டட்தான் சார், நம்ம கடை கேரண்டி" என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, 90,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? விலை எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் மொத்தமாகப் போக ஆரம்பித்ததிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில், நான் இன்று எழுதும் எண் நீங்கள் படிக்கும்போது பொய்யாகிவிடும். மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்றவர்கள் வாங்கும் க்ரூஷியல் பெயரையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது, அந்த அளவுக்கு. ஆகவே பங்கு மட்டும் சொல்கிறேன். மானிட்டரை ஒதுக்கிவிட்டு மீதிப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், முடிந்தால் ஐந்தில் இரண்டு பங்கு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். கேம் ஓடும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். இது வேலை செய்பவர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, சட்டம் இல்லை. தம்பி வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்கள்தான் அதிகம் ஆடுவான் என்றால் கணக்கு மாறும். அவை கிராபிக்ஸ் கார்டை அவ்வளவாகக் கேட்காது, பிராசசரைத்தான் கேட்கும். பெரிய கதை உள்ள, காட்சி நிறைந்த கேம்கள் என்றால் கார்டில் போடும் பணம் கண்ணுக்குத் தெரியும்.

பிராசசரில் உங்கள் பட்ஜெட்டுக்கு மூன்று வழி உண்டு: ரைசன் 5 5600, ஐ5-12400எஃப், ரைசன் 5 7600. மூன்றிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். கேமுக்கு மூன்றும் போதும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் எதில் என்றால், நாளைக்கு எது உதவும் என்பதில். 5600 உட்காரும் ஏஎம்4 மேடை, அதாவது அந்த வகை சாக்கெட்டும் போர்டும், இனி வளராது. இன்டெல் 12ஆம் தலைமுறை மேடையும் 14ஓடு நின்றுவிட்டது. 7600 உட்காரும் ஏஎம்5 2022இல் வந்தது; 2027 வரையாவது ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎம்4 விஷயத்தில் அவர்கள் சொன்னதைவிட அதிகமாகவே செய்தார்கள். 2017இல் வாங்கிய போர்டில் 2022இல் வந்த பிராசசரை, போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்து, மாட்டியவர்கள் நிறைய. அதனால் கையில் கொஞ்சம் இடம் இருந்தால் ஏஎம்5 என்பேன். ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும். ராம் விலை இருக்கிற இருப்பில் அந்த வித்தியாசம் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கச் செய்தால், யோசிக்காமல் 5600இலேயே நில்லுங்கள். நாலு வருடம் கழித்துப் பிராசசர் மாற்றுவேன் என்று சொல்லி வாங்கியவர்களில் நிஜமாகவே மாற்றியவர்கள் குறைவு என்பதையும் பார்த்திருக்கிறேன். 12400எஃப் எடுத்தால் ஒன்று கவனியுங்கள்: அதற்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ஒன்றின் ராம் மற்றொன்றில் ஏறாது.

பெயரின் கடைசியில் வரும் அந்த "எஃப்", பிராசசருக்குள் படம் காட்டும் பகுதி இல்லை என்று பொருள். 5600க்கும் கிடையாது. 7600க்குச் சிறிதாக ஒன்று உண்டு. இது சாதாரண விஷயம் மாதிரி தெரியும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு வாரண்டிக்குப் போய் மூன்று வாரம் வராமல் இருக்கும்போது கணினியில் அசைன்மென்ட்டாவது எழுத முடியுமா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. "பெரிய பிராசசர், செகண்ட் ஹேண்டில் மலிவு" என்று 13, 14ஆம் தலைமுறை இன்டெல் உயர் ரகங்களை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவற்றில் பல, மின்னழுத்தக் கோளாறால் நாளடைவில் தள்ளாட ஆரம்பித்தன. 2024இல் இன்டெல்லே அதை ஒத்துக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. முன்பு வைத்திருந்தவர் அந்தத் திருத்தத்தைப் போடாமல் எவ்வளவு நாள் ஓட்டினார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

கிராபிக்ஸ் கார்டில் இந்த விலையில் நிற்பவை ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7600, கொஞ்சம் எட்டினால் 9060 எக்ஸ்டி. 8 ஜிபி போதுமா, 12, 16 வேண்டுமா என்று தம்பி உங்களிடம் ஏற்கெனவே சண்டை போட்டிருப்பான். இன்றைக்கு 1080பி (முழு எச்டி) மானிட்டரில் பெரும்பாலான கேம்களுக்கு 8 போதும். சில புது கேம்களில் டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி குறைக்க வேண்டியிருக்கும். மூன்று வருடம் கழித்து எப்படி என்பதில் யார் உறுதியாகப் பேசினாலும் அது ஊகம்தான். 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகை பட்ஜெட்டுக்குள் வந்தால் எடுங்கள், வராவிட்டால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். பழைய கார்டு வாங்குவதாக இருந்தால், பில் இருக்க வேண்டும், சீரியல் எண்ணை வைத்து வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பார்க்க வேண்டும், கண் முன்னால் அரை மணி நேரமாவது ஒரு கனமான கேம் ஓட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டி 512 வாங்காதீர்கள், 1 டிபி வாங்குங்கள். ஒரு பெரிய கேம் 100 ஜிபிக்கு மேல் கேட்கிற காலம். போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகையாக இருந்தால் சரி. நொடிக்கு 3,500 எம்பி வேகத்துக்கும் 7,000 வேகத்துக்கும் கேம் ஆடுபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ராம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி குச்சி இரண்டாக எடுங்கள், ஒரே 16ஆக வேண்டாம். இரண்டு வழியில் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் பிராசசருக்குத் தீனி போதும். "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்" என்று ஒரே குச்சியை விற்பார்கள். பின்னாடி யாரும் போடுவதில்லை. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாற்றுவது, வேண்டாம். 100 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் வகைத் திரை இப்போது சாதாரண விலையிலேயே வருகிறது.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. சீட்டில் எனக்கு மிகவும் பிடிக்காத வரி "500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்" என்பதுதான். கேபினட்டோடு இலவசமாக வருவதும், அதற்கென்று தனியாக வாங்குவதும் ஒரே வாட்ஸ் போட்டு விற்கப்படும், இரண்டும் ஒன்றே கிடையாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். +3.3, +5, +12 என்று பத்திகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது +12க்குக் கீழே உள்ள ஆம்பியர். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. நல்ல 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் அங்கே 45 ஆம்பியர் போல இருக்கும். 12ஆல் பெருக்கினால் 540. அதாவது சொன்னதைக் கிட்டத்தட்ட முழுசாக அந்த ஒரு வழியிலேயே தருகிறது. மலிவானதில் "500W" என்று பெரிதாகப் போட்டிருக்கும், கீழே 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்குங்கள், 216. அதிலும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயர் இருக்காது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒயரை மாற்றிக் கொடுக்கும் ஒரு குட்டி அடாப்டர் பையில் போட்டுத் தருவார்கள். அதைக் கண்டாலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கணக்குக்கு எவ்வளவு வேண்டும்? 4060 கார்டு 115 வாட்ஸ், 5060 என்றால் 145. பிராசசர் முழு வேகத்தில் பெரும்பாலும் 90க்குள். மற்றதெல்லாம் சேர்த்து 50 என்று வைத்தாலும் 300ஐத் தாண்டாது. தெரிந்த கம்பெனியின் 550 வாட்ஸ், 80 ப்ளஸ் பிரான்ஸ், போதும். 750 எடுத்தால்தான் பாதுகாப்பு என்று யாரும் சொன்னால் அது விற்பனைப் பேச்சு. அதே சமயம் 80 ப்ளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஷார்ட் ஆனால் அணையுமா, வோல்டேஜ் ஏறினால் தாங்குமா என்பதை அது சொல்லாது. அதற்குப் பெயர் உள்ள கம்பெனியும் ஐந்து வருட வாரண்டியும்தான் நமக்குக் கிடைக்கும் அடையாளம். மின் கட்டணம் பற்றிக் கவலை இருந்தால்: 300 வாட்ஸ், தினம் நாலு மணி நேரம், இரண்டு மாதத்தில் 72 யூனிட். உங்கள் வீடு 500 யூனிட் எல்லையை ஒட்டிப் போகிற வீடு என்றால் அந்த 72 கொஞ்சம் வலிக்கும்.

முன்னால் சொன்ன வீட்டு வேலை இங்கேதான் வருகிறது. கணினி வைக்கப்போகும் பிளக்கில் எர்த் இருக்கிறதா? மூன்று ஓட்டை இருக்கிறது என்பது பதில் இல்லை. நம் ஊரில் பல வீடுகளில், முக்கியமாகப் பின்னால் சேர்த்துக் கட்டிய மாடி அறைகளில், மேல் ஓட்டைக்கு ஒயரே போயிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிக்க, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குச் சிறு கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அதன் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டின் உடம்பு பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அருகில், மிதக்கும். வெறுங்காலோடு தரையில் நின்று கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். "புது சிஸ்டம் ஷாக் அடிக்குது, மாத்திக் குடுங்க" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு கணினியில் இருப்பதில்லை. அந்தச் சுருக் மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனால் உள்ளே நிஜமாகவே ஏதாவது ஷார்ட் ஆகும் நாளில் அதைக் கீழே கொண்டுபோக வழி இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி. அப்புறம், எர்த் இருக்கிறதா என்றே பார்க்காமல், திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. எர்த் இல்லாமல் அது பாதி வேலைதான் செய்யும்.

எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 போல வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சுவிட்ச் போர்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி "இப்ப சரியாயிடுச்சு" என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவே விடாதீர்கள். என்றாவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். உங்கள் வீட்டு வயரிங்கைப் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்லக் கூடாது.

இன்வெர்ட்டர் இருக்கிறது, யுபிஎஸ் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாங்குவது 16, 17 மில்லி செகண்ட் அளவுதான், முழுச் சுமையில் அதைவிடக் குறைவு. உங்கள் இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். யுபிஎஸ் மோடில் மாறும் நேரம் குறைவு. சைன் வேவ் (மெயின் கரண்ட் போலவே சீரான அலை தரும்) இன்வெர்ட்டராக இருந்து, யுபிஎஸ் மோடில் வைத்து, கேம் ஓடும்போது மெயினை ஒரு முறை அணைத்துப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தனி யுபிஎஸ் வேண்டாம். தனியாக வாங்குவதானால் 600 விஏ என்று போட்டிருப்பது 360 வாட்ஸ்தான் தரும் என்பதை நினைவில் வையுங்கள். மானிட்டரும் சேர்ந்தால் எல்லையில் போய் நிற்கும். 1,000 விஏ பக்கம் போங்கள். மலிவு யுபிஎஸ்கள் தரும் படிக்கட்டு அலை சில நல்ல எஸ்எம்பிஎஸ்களோடு ஒத்துப்போவதில்லை. எது எதோடு சேரும் என்பதை மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆகவே திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

கேபினட்டில் விளக்கைப் பார்க்காதீர்கள், முன்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி மூடியிருந்தால் காற்று எங்கிருந்து உள்ளே போகும்? யூடியூபில் வெளிநாட்டுக்காரர் காட்டும் வெப்பநிலை எல்லாம் 22, 25 டிகிரி அறையில் எடுத்தது. மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறை 37 இருந்தால், அவர் காட்டும் எண்ணோடு 12, 15 கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் வலை, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. அது போதும், தண்ணீர் கூலர் தேவையில்லை. பின்னால் கார்டு இடங்களில் கழற்றிய தகடுகளை எறிந்துவிடாமல் திரும்ப மூடச் சொல்லுங்கள், பல்லி உள்ளே போகும். சிரிக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வெந்து கிடந்த பல்லியை எடுக்காத சர்வீஸ்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.

மாட்டுவது ஒரு மாலை வேலை. நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, நல்ல வெளிச்சம், மர மேஜை. அவசரப்பட்டால் கெடக்கூடிய இடங்களை மட்டும் சொல்கிறேன், மற்றதை மதர்போர்டோடு வரும் புத்தகமே சொல்லும். பிராசசரின் மூலையில் ஒரு தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே மூலையில் வர வேண்டும். அழுத்தவே கூடாது, தானாக உட்காரும். ஏஎம்5இலும் இன்டெல்லிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. முடியளவு மெல்லியவை, விரல் பட்டால் வளைந்துவிடும். அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வையுங்கள். போர்டு வாரண்டிக்குப் போகும்போது அது இல்லாவிட்டால் தகராறு வரும். ராமுக்கு நாலு இடம் உள்ள போர்டில் குச்சிகள் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் போக வேண்டும், "டக்" என்று சத்தம் வரும்வரை. கூலரின் அடியிலும் எஸ்எஸ்டி மூடியின் அடியிலும் மெல்லிய தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட வேண்டும். போர்டுக்கு அடியில் பித்தளைத் தாங்கிகள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக எங்காவது நின்றால் ஷார்ட். பிராசசருக்கான 8 பின் ஒயரும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயரும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முன்னது நாலு நாலாகப் பிரியும், பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். மாற்றிச் செருகப் பார்த்தால் ஏறாது, ஏறவில்லை என்றால் தள்ளாதீர்கள். கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் பெட்டியில் வந்த ஒயரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இன்னொன்றின் ஒயர் நுழைந்தாலும்கூட.

எல்லாம் மாட்டி ஆன் செய்ததும் ஒன்றும் வராது. இதை முன்கூட்டியே தம்பியிடம் சொல்லி வையுங்கள். ஏஎம்5 போர்டுகள் முதல் முறை ராமைச் சோதித்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும்; ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சில நிமிடங்கள் ஆகலாம். இந்த நேரத்தில்தான் பலர் பயந்து சுவிட்சை அணைத்து, திரும்பப் போட்டு, அது முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் போர்டு போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரு கால் மணி நேரம் கை வைக்காமல் இருங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால், மானிட்டர் ஒயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும். பிறகு ராமை எடுத்துத் திரும்ப அழுத்துங்கள். படம் வராத புதுக் கணினிகளில் எனக்குத் தெரிந்து பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றில் சரியாகிவிடும். படம் வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் 6000 வேக ராம் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும், கொடுத்த காசு தூங்கும்.

எரிந்தால் யாரைக் கேட்பது என்றீர்கள். பாகம் பாகமாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கம்பெனி வாரண்டி உண்டு, பிராசசருக்கு மூன்று வருடம், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து. அதற்கு ஜிஎஸ்டி பில்லும், பில்லில் சீரியல் எண்ணும் வேண்டும். "பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தரேன்" என்பதன் விலை, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போவது. பெட்டி இல்லாமல் "ட்ரே" என்று விற்கும் பிராசசருக்குக் கம்பெனி நேராகப் பொறுப்பேற்காது, விற்ற கடைதான், கூலரும் வராது. பெட்டிகளை ஒரு வருடமாவது பரணில் வையுங்கள். எங்கே எரிந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை மட்டும் தம்பியின் தலையில் விழும். அதற்குத் தயாரில்லை என்றால் எல்லா பாகத்தையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே ஒரு முறை ஆன் செய்து காட்டச் சொல்லிவிட்டு எடுத்து வாருங்கள். சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம்.

நீங்கள் செங்கல்பட்டில் இருப்பதால் சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் எட்டுகிற தூரம்தான். தம்பியையும் கூட்டிக்கொண்டு, மாடல் எண்களோடு எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு, அண்ணா சாலையில் இறங்கி நாலு கடையில் அதே பட்டியலைக் காட்டி விலை கேளுங்கள். "இதே மாதிரிதான், இது இன்னும் நல்லது" என்று வேறு பெட்டியை எடுத்து வைப்பார்கள், அங்கே மட்டும் அசையாதீர்கள். ஆன்லைன் விலையையும் போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சில பாகங்கள் அங்கே மலிவு, அவற்றை அங்கேயே வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.